ஏழு புள்ளி நாற்பத்தொன்று

சாக்பீஸை எடுத்து ஆக்சிஜன் சிலிண்டரின் மேல் 7.41 என்று எழுதினேன். கறுப்பு இரும்பில் வெள்ளை எழுத்து பளிச்சென்று விழுந்தது. கோணல்மாணல் இல்லாமல் எழுதியதில் எனக்கு ஒரு சின்னத் திருப்திகூட இருந்தது.

காலை எட்டே முக்கால் மணி. ஒன்பது மணிக்கு கரண்ட் போகும், லைன் வேலை, சாயங்காலம் நாலரைக்குத்தான் வரும் என்று முந்தின நாளே சொல்லியிருந்தார்கள்.

கட்டிலில் தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தார் ஏசுதாஸ் அங்கிள். ஊரிகத்தில், சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய வீட்டு வரிசையான எங்கள் லைனில் பக்கத்து வீடு. தங்கச் சுரங்கத்தில் இருபது வருஷத்துக்கு மேல் இறங்கி ஏறியவர். சுரங்கம் மூடிவிட்டது, அதன் தூசி அவர் நுரையீரலை விட்டுப் போகவில்லை. மூக்கில் எப்போதும் ஒரு மெல்லிய குழாய். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற மிஷின் ஒன்று கட்டிலுக்கடியில் இரவும் பகலும் உறுமிக்கொண்டிருக்கும். கரண்ட் போனால் அது நின்றுவிடும். அதற்காகத்தான் சிலிண்டர்.

வாசலில் முருகேசன் அண்ணனின் ஆட்டோ அணைக்கப்படாமல் துடித்துக்கொண்டிருந்தது. பின் சீட்டில் சாக்கு போர்த்திய இன்னொரு சிலிண்டர், முழுசாக நிரம்பியது.

"இன்னாமா பிரின்ஸி, இத்த இங்க வெச்சிட்டுப் போட்டா, வேணாவா?"

"வேணாண்ணா. இருக்கறதே ஏழு நாப்பத்தொண்ணு வரும். ஒம்போதுலேர்ந்து கூட்டுனா நாலு நாப்பத்தொண்ணு. கரண்ட்டு நாலரைக்கு வந்துடும்."

அவர் சாக்பீஸ் எழுத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "படிச்ச பொண்ணு சொல்ற, சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, நந்திதுர்க்கில் ஒரு வீட்டுக்கு அவசரமாகத் தேவை என்று கிளம்பிப் போனார். ஆட்டோ சத்தம் திருப்பத்தில் தேய்ந்தது.

நான் போட்ட கணக்குகளிலேயே அவ்வளவு தெளிவாகச் சொல்லப்பட்ட தப்புக் கணக்கு வேறு கிடையாது.

சிலிண்டர் சுற்று

போன வாரம் இந்தப் பத்தியில் ரயிலின் ஜன்னலோர இடத்தைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, உங்கள் ஊரில் எல்லாருமே பெங்களூருக்குப் போய்விட்டால் பகலில் யார்தான் இருப்பார்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். வயசானவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு மூச்சு இருக்கும்வரை இருப்பார்கள். இதை நான் சோகமாகச் சொல்லவில்லை. கோலார் தங்க வயலின் பகல் அப்படித்தான்.

கொரோனா காலத்தில் ஆக்சிஜனுக்கு ஊரே அலைந்தபோது, சில லைன்காரர்கள் சேர்ந்து ஆறு சிலிண்டர் வாங்கினார்கள். அலைச்சல் முடிந்தது, சிலிண்டர்கள் மிஞ்சின. தூசி நெஞ்சுக்காரர்கள் இருக்கிற வீடுகளில் ஆளுக்கொன்றாக வைத்துவிட்டு, மிச்சத்தை முருகேசன் அண்ணனிடம் கொடுத்தார்கள். கரண்ட் நிறுத்தும் நாளில் அவர் காலையிலேயே ஆட்டோவில் வீடு வீடாகப் போவார். இதற்கு சிலிண்டர் சுற்று என்று பெயர்.

சுற்றுக்கு ஒரு முறை உண்டு. எத்தனை மணி நேரம் தாங்கும் என்று சிலிண்டரின் மேலேயே சாக்பீஸால் எழுதிவிட வேண்டும். வீட்டில் யார் இருந்தாலும், யார் மாறி வந்தாலும் அதைப் பார்த்துக்கொள்வார்கள். பத்தாது என்று தெரிந்தால் உபரி சிலிண்டரை இறக்குவார். போதும் என்றால் அடுத்த வீடு.

அன்றைக்கு உபரி ஒன்றே ஒன்றுதான்.

அங்கிளின் மகள் ஸ்டெல்லா அக்கா பெங்களூரில் ஒரு கார்மென்ட்ஸில் தையல் லைன் செக்கர். லீவெல்லாம் தீர்ந்துபோய், விடியற்காலை வண்டிக்குக் கிளம்பியிருந்தார். எனக்கு அன்று ஆபீஸ் இல்லை. அப்பாவைப் பார்த்துக்கொள், கணக்கையும் நீயே போட்டுவிடு, சாப்பாட்டு நேரத்தில் போன் பண்ணுகிறேன் என்று முந்தின நாள் ரயிலிலேயே சொல்லியிருந்தார். அவர் வேறு யாரிடமும் அப்படிக் கேட்கவில்லை. கணக்கில் நான் கொஞ்சம் பிரபலம்.

பாயிண்ட் பிரின்ஸி

அந்தப் பிரபலம் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

நான் வேலை பார்க்கிற ஆபீஸ், வெவ்வேறு கம்பெனிகளுக்கு ஆள் அனுப்புகிற ஆபீஸ். அப்படிப் போனவர்கள் ஒவ்வொரு நாளும் எவ்வளவு நேரம் வேலை செய்தார்கள் என்று ஒரு ஷீட்டில் போட வேண்டும். அந்த ஷீட்டுக்கு மணியும் நிமிஷமும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் பத்து, நூறு. ஏழு மணி முப்பது நிமிஷம் என்றால் 7.5 என்று போட வேண்டும். நம்மவர்கள் 7.30 என்று போடுவார்கள். ஷீட் அதை ஏழு மணியும் பதினெட்டு நிமிஷமும் என்று எடுத்துக்கொள்ளும். பன்னிரண்டு நிமிஷம் காற்றோடு போய்விடும்.

இதைத் தேடித் தேடிப் பிடிப்பதுதான் என் வேலை. சேர்ந்த மூன்றாவது மாதம் ஆர்வம் தாங்காமல் எல்லாருக்கும் ஒரு பக்கக் குறிப்பு அனுப்பினேன். ஆறு நிமிஷம் என்றால் 0.1. அதை மட்டும் மனதில் வைத்தால் போதும்: நிமிஷத்தை ஆறால் வகுத்தால் பத்தில் எத்தனை என்று வந்துவிடும். பதினெட்டு நிமிஷம் 0.3. நாற்பத்திரண்டு நிமிஷம் 0.7.

இருபது நிமிஷம்தான் வில்லங்கம். அது 0.33 என்று வரும், மூன்று நாளைக்குக் கூட்டினால் 0.99 ஆகும், ஒரு மணி ஆகாது. ஆகவே முதலில் எல்லாவற்றையும் நிமிஷமாகவே கூட்டுங்கள், கடைசியில் ஒரே ஒரு தடவை மாற்றுங்கள் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தேன்.

இன்னொன்றும் எழுதினேன். தமிழில் நேரம் சொல்பவர்கள் இந்தத் தப்பைச் செய்யவே முடியாது. ஏழரை என்கிறோம். ஏழே கால், ஏழே முக்கால் என்கிறோம். அரை என்றால் அரைதான், அதை யாரும் முப்பது என்று எழுத மாட்டார்கள். ஏழு முப்பது என்று சொல்லத் தொடங்கியபோதுதான் கெட்டுப்போனோம்.

ஆபீஸில் பெரிசாகச் சிரித்தார்கள். அன்றிலிருந்து நான் பாயிண்ட் பிரின்ஸி. அந்தப் பெயர் ரயில் ஏறி ஊருக்கும் வந்துவிட்டது.

ஆறு இருபது

அப்படிப்பட்டவள் எப்படி இந்தத் தப்பைச் செய்தேன்? நானே நிறைய யோசித்திருக்கிறேன். கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தால் கடைசி வரி வரைக்கும் தப்பே இல்லை.

சிலிண்டரின் முள் தொண்ணூற்றொன்பதில் நின்றது. பத்துக்குக் கீழே போனால் நம்பக் கூடாது என்பது முருகேசன் அண்ணனின் சட்டம். மிச்சம் எண்பத்தொன்பது. அந்த அளவு சிலிண்டரில் முள்ளின் ஒவ்வொரு எண்ணுக்கும் பத்து லிட்டர். ஆக எண்ணூற்றுத் தொண்ணூறு லிட்டர். டாக்டர் அங்கிளுக்குச் சொன்னது நிமிஷத்துக்கு இரண்டு லிட்டர். நானூற்று நாற்பத்தைந்து நிமிஷம்.

அங்கேயே நின்றிருக்கலாம். ஆனால் மணியாகச் சொன்னால்தானே ஆட்டோக்காரருக்குப் புரியும் என்று போனில் அறுபதால் வகுத்தேன். 7.4166 என்று வந்தது. புள்ளிக்குப் பின்னால் முதல் இரண்டு இலக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டேன்.

அந்த எண்ணைப் பார்த்ததும் என் கண்ணுக்கு அது கணக்காகத் தெரியவில்லை, வண்டியாகத் தெரிந்தது.

எங்கள் ஊரில் புள்ளி வைத்த எண் என்றால் ரயில்தான். அடுப்படிச் சுவரில், பீரோக் கண்ணாடியில், சாமி படத்துக்குக் கீழே என்று எல்லா வீட்டிலும் எழுதி ஒட்டியிருப்பார்கள்: 5.05, 6.20, 7.41. யாரும் ரயிலுக்குப் பெயர் சொல்வதில்லை. 'ஆறு இருபதுல பாத்தேன்', 'அவன் அஞ்சு அஞ்சு ஆளு' என்பார்கள். ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது என்ன வேலை என்பதற்கு அடுத்த கேள்வி எத்தனை மணி வண்டி என்பதுதான். எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயசிலேயே புள்ளிக்குப் பின்னால் இருப்பது நிமிஷம் என்று கண்ணுக்குப் பழகிவிடும்.

7.41 அப்போது என்னுடைய வண்டி. தினமும் காலையில் அதில்தான் போவேன். அந்த எண்ணை நான் படிக்கவில்லை, ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

7.5 என்று வந்திருந்தால் ஏழரை என்று வாய் தானாகச் சொல்லியிருக்கும்.

டம்ளர் பாஷை

சொன்னதைவிடக் கொஞ்சம் தாமதமாகத்தான் கரண்ட் போகும் என்று நினைத்தேன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர்கள் நேரம் தவறுவதில்லை. ஒன்பதுக்கே போய்விட்டது. மிஷினின் உறுமல் அடங்கியதும் வீடு திடீரென்று பெரிதானதுபோல் இருந்தது. குழாயை மாற்றிச் செருகினேன். சிலிண்டரிலிருந்து தண்ணீர்க் குப்பி வழியாகக் காற்று குமிழ்விட்டது. மீன்தொட்டி சத்தம்.

அங்கிளுக்குப் பேசினால் மூச்சு வாங்கும். அதனால் டம்ளரில் பேசுவார். சுரங்கத்தில் அவர் பூமிக்கடியில் ஒரு லெவலில், ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டான கேஜ் வந்து நிற்கிற வாசலில் மணி அடிக்கிற வேலை பார்த்தவர். மேலே எஞ்சின் ஓட்டுகிறவருக்கு அந்த மணிதான் கண். ஓடுகிற கேஜுக்கு ஒரு மணி என்றால் நிறுத்து. இரண்டு என்றால் இறக்கு. மூன்று என்றால் ஆள் ஏறுகிறார்கள், பதமாகப் போ.

வீட்டிலும் அதே சட்டம். எவர்சில்வர் டம்ளரை கட்டில் கம்பியில் இரண்டு தட்டு தட்டினால் தலையணையை இறக்க வேண்டும். மூன்று என்றால் வாசலில் யாரோ வந்திருக்கிறார்கள். ஒன்று என்றால் எதைச் செய்துகொண்டிருந்தாலும் நிறுத்த வேண்டும், பெரும்பாலும் பேச்சை. அன்று காலை எனக்கு அந்த ஒற்றைத் தட்டு நான்கு தடவை கிடைத்தது. ஸ்டெல்லா அக்கா இதைக் கேட்டால் குறைவு என்பார்.

பாயிண்ட்லயா, வாச்சுலயா

பன்னிரண்டு நாற்பதுக்கு ஸ்டெல்லா அக்காவின் போன் வந்தது. பின்னால் டிபன்பாக்ஸ் மூடிகளின் சத்தம். கார்மென்ட்ஸில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும், சாப்பாட்டுக்கு மட்டும்தான் எடுக்கலாம்.

அப்பா சாப்பிட்டாரா, படுத்தாரா என்று கேட்டார். சொன்னேன். சிலிண்டர் எவ்வளவு நேரம் வரும் என்று கேட்டார்.

"ஏழு நாப்பத்தொண்ணு கா. நாலு நாப்பத்தொண்ணு வரைக்கும் தாங்கும்."

"ஏழு நாப்பத்தொண்ணு எப்டி வந்துது? பாயிண்ட்லயா, வாச்சுலயா?"

எனக்குப் புரியவில்லை என்று சொல்ல மாட்டேன். உடனே புரிந்தது.

அவர் அதற்குள் சொல்லிக்கொண்டு போனார். அவர்கள் லைனில் ஒரு காலர் வைக்க முக்கால் நிமிஷம் என்றால் போர்டில் 0.75 என்று போடுவார்கள். நாற்பத்தைந்து செகண்ட். புதிதாக வரும் பெண்கள் அதை எழுபத்தைந்து செகண்ட் என்று நினைத்து மெதுவாகத் தைத்துவிட்டுத் திட்டு வாங்குவார்கள். அவரிடம் வருகிற எல்லாருக்கும் முதலில் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்.

"ஆறு வருசமா பாயிண்ட்லதான் எங்க உயிரு போயிகினு கீது, பிரின்ஸி. நாப்பத்தொண்ணுல ரெண்டாவத வுட்டுடு. நாலாறு இருவத்திநாலு. இருவத்தஞ்சு நிமிசம்னே வெச்சிக்க. நாலு இருவத்தஞ்சுக்கு முடிஞ்சிடும்."

நாலு மணி இருபத்தைந்து. அவர்கள் சொன்ன நேரத்துக்கே கரண்ட் வந்தாலும் ஐந்து நிமிஷம் குறைகிறது. சொன்ன நேரத்துக்கு வந்த வரலாறு எங்கள் ஊரில் இல்லை. போன மாதம் ஆறரை ஆனது. பத்துக்குக் கீழே முள் ஊசலாடுகிற மிச்சக் காற்றை நம்பினால் இன்னும் கொஞ்ச நேரம், அவ்வளவுதான்.

"முருகேசன் அண்ணன் எக்ஸ்ட்ரா குடுத்தாரில்ல?" என்று கேட்டார்.

நான்தான் வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன் என்றேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எனக்கு இன்னும் எட்டு நிமிசம்தான் போனு" என்றார். "நீ போயி அத்த எடுத்துக்கினு வா. உங்கம்மாவ அங்க உக்கார வெச்சிட்டுப் போ."

முருகேசன் அண்ணனைக் கூப்பிட்டேன். ஸ்விட்ச் ஆப்.

அங்கிள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஒரு லிட்டராகக் குறைத்து வை, சமாளிக்கிறேன் என்று விரலால் காட்டினார். டாக்டர் சொன்ன அளவில் கை வைக்க முடியாது என்றேன். அவர் உதடு ஏற்கெனவே லேசாக நீலம். என் கணக்கை அவர் நெஞ்சில் சரிசெய்ய எனக்கு மனசில்லை.

அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

நந்திதுர்க்கில் ஒரு வீடு

தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைட் மேடு வெயிலில் சாம்பல் வெள்ளையாகக் கண்ணைக் கூசவைத்தது. நந்திதுர்க்கில் இறங்கியதும் ஆட்டோவைத் தேடினேன். மூன்றாவது தெருவில் நின்றது. முருகேசன் அண்ணன் ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்து வெள்ளரிப் பிஞ்சு தின்றுகொண்டிருந்தார். போன் காலையிலேயே செத்துவிட்டதாம், சார்ஜ் போட எங்கேயும் கரண்ட் இல்லை.

விஷயத்தைச் சொன்னேன். அவர் வெள்ளரியை மெல்வதை நிறுத்தவில்லை.

"படிச்ச பொண்ணுன்னு வுட்டுட்டு வந்தேன்" என்றார்.

அந்த வீட்டுப் பெண்மணி கோவிந்தம்மா. அறுபது இருக்கும். அவர் கணவரும் சுரங்கத்து ஆள், அதே தூசி. உள்ளே அந்த முழு சிலிண்டர் அவர் மூக்கோடு இணைக்கப்பட்டிருந்தது. அவர்களுடைய சொந்த சிலிண்டரில் காலையிலேயே காற்று குறைவு. முள் இருபத்தைந்தில் இருக்க, அது ஓரமாக நின்றது.

கோவிந்தம்மா வீட்டுக்காரருக்கு டாக்டர் சொன்னது நிமிஷத்துக்கு ஒரு லிட்டர்தான். அதைக் கேட்டதும் வழி தெரிந்துவிட்டது.

எங்கள் சிலிண்டர் இரண்டு லிட்டருக்குத்தான் பத்தாது, ஒரு லிட்டருக்கு மாலை தாண்டியும் வரும். அவர்களுடைய முழு சிலிண்டரை எடுத்துப்போய் அங்கிளுக்கு வைத்துவிட்டு, எங்களுடையதை இங்கே கொண்டுவந்தால் இரண்டு வீட்டுக்கும் போதும். மாற்றி எடுத்துவரும் முக்கால் மணிக்கு அந்த ஓரத்து சிலிண்டர் தாங்கும்.

என் வாயிலிருந்து வந்ததை கோவிந்தம்மா நின்று கேட்டார். முழுசாக இருப்பதைக் கொடுத்துவிட்டு, பாதி தீர்ந்ததை வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறேன். அதுவும் காலையில் கணக்கைத் தப்பாகப் போட்டவள்.

போனை எடுக்காமல், ஓரத்து சிலிண்டரின் மேல் சாக்பீஸால் எழுதிக் காட்டினேன். நாங்கள் கழற்றும்போது மணி இரண்டு ஆகும். முள் முப்பத்தொன்பதில் இருக்கும். பத்தை விட்டால் இருபத்தொன்பது. இருநூற்றுத் தொண்ணூறு லிட்டர், ஆகவே உங்களுக்கு இருநூற்றுத் தொண்ணூறு நிமிஷம். அதில் இருநூற்று நாற்பது நாலு மணி நேரம், மிச்சம் ஐம்பது நிமிஷம். இங்கே இரண்டு இருபதுக்கு மாட்டினால் ஏழு மணி பத்து நிமிஷம் வரைக்கும் வரும். ஒரு இடத்திலும் புள்ளி வைக்கவில்லை.

அவர் எழுத்தைப் பார்க்கவே இல்லை.

"எனக்கு இந்தக் கணக்குலாம் வேணாம்மா. உள்ள படுத்துக்கினு கீறது உங்க அப்பாவா இருந்தா, நீ குடுப்பியா?"

ஆமாம் என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். நான் யோசித்தேன். யோசித்ததை அவர் பார்த்துவிட்டார்.

"முள்ளு நிஜமாவே முப்பத்தொம்பதுல நின்னா குடுப்பேன்" என்றேன். "இல்லன்னா உங்க சிலிண்டர அப்டியே திருப்பிக் கொண்டாந்துடுவேன்."

முருகேசன் அண்ணன் வெள்ளரிக் காம்பைத் தூக்கி எறிந்தார். "யக்கா, மாத்தினு வந்து நான் இங்கயே உக்காந்துக்கறேன். கரண்ட்டு வர்ற வரைக்கும் முள்ளப் பாத்துக்கறேன். எனக்கும் போன் இல்ல, எங்கயும் போவல."

கோவிந்தம்மா உள்ளே போய்க் கணவரிடம் ஏதோ கேட்டார். திரும்பி வந்து, சீக்கிரம் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். கிளம்பும்போது என் போன் நம்பரை வாங்கி, தன் போனில் அப்போதே ஒரு தடவை அடித்துப் பார்த்தார்.

ஊரிகத்தில் கழற்றும்போது மணி இரண்டு அடிக்க ஒரு நிமிஷம். முள் முப்பத்தொன்பதுக்கும் நாற்பதுக்கும் நடுவில் நின்றது. முருகேசன் அண்ணன் அதைக் குனிந்து பார்த்தார். எங்கள் சிலிண்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்.

புது சிலிண்டரில் குமிழ் வரத் தொடங்கியதும் அங்கிள் டம்ளரை எடுத்து மூன்று தட்டினார். வாசலைத் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. அப்புறம்தான் புரிந்தது, இது வீட்டு மூன்று இல்லை, சுரங்கத்து மூன்று. ஆள் ஏறியாயிற்று, பதமாகப் போ.

நாலு நாற்பத்தொன்று

அதற்கப்புறம் செய்ய ஒன்றுமில்லை. ஆனாலும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து போய் முள்ளைப் பார்த்தேன். குறைந்த லிட்டரை இரண்டால் வகுத்தேன். சரியாக வந்தது. மறுபடி பார்த்தேன். மறுபடியும் சரியாக வந்தது.

நாலு இருபத்தைந்து ஆனது. பழைய சிலிண்டர் இங்கே இருந்திருந்தால் இந்நேரம் முள் பத்தைத் தொட்டிருக்கும். நாலரை ஆனது. மின்விசிறி அசையவில்லை. பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தம் கேட்கவில்லை. எதிர்பார்த்ததுதான்.

நாலு நாற்பத்தொன்று ஆனபோது நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் நான் வாக்குக் கொடுத்த நிமிஷம். செகண்ட் முள் சாதாரணமாக ஒரு சுற்று சுற்றியது. அந்த எண்ணை எழுதிய இடத்தைத் திரும்பிப் பார்த்தேன். கறுப்பு இரும்பில் எழுத்து எதுவும் இல்லை.

இது வேறு சிலிண்டர். நான் எழுதிய 7.41 அங்கே போய்விட்டது. அழிக்காமல் அனுப்பிவிட்டேன். சாக்பீஸில் எழுதியிருந்தால் அதை நம்பு என்பதுதானே சுற்றின் முறை. இரண்டு இருபதிலிருந்து ஏழு நாற்பத்தொன்று என்றால் ராத்திரி பத்து வரை தாங்கும் என்று யாராவது நினைத்துக்கொள்வார்கள். முருகேசன் அண்ணன் டீ குடிக்க ஒரு எட்டு போயிருந்தால்?

மத்தியானம் வந்த மிஸ்டு காலுக்குப் போன் போட்டேன். கோவிந்தம்மாவே எடுத்தார்.

"அம்மா, அந்த சிலிண்டர்ல சாக்பீஸ்ல ஒண்ணு எழுதியிருக்கும், அத நம்பாதீங்க" என்றேன்.

"அத வந்தவொடனே தொடச்சிட்டேன்மா. அரிசி கழுவுன கையோட."

"இப்ப என்ன எழுதியிருக்கீங்க?"

"ஒண்ணும் எழுதல. முருகேசன் முள்ளப் பாத்துக்கினு கீறான். நான் முருகேசனப் பாத்துக்கினு கீறேன்." கொஞ்சம் நிறுத்தினார். "உங்காளுக்கு மூச்சு எப்டி கீது?"

இந்தக் கேள்வியை அன்று முழுவதும் நான் அங்கிளிடம் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. முள்ளைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். போனைக் கையில் வைத்தபடி கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தேன். உதட்டில் நீலம் கொஞ்சம் வடிந்திருந்தது. நெஞ்சு மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

நல்லா இருக்கு என்றேன். சரி என்று அவர் போனை வைத்தார்.

கரண்ட் ஐந்தே முக்காலுக்கு வந்தது. அது வருவதற்கு முன் இன்னும் ஒரு தடவை எழுந்து முள்ளருகே போனேன். போன் திரையில் எண்ணைத் தட்டத் தொடங்கினேன்.

கட்டில் கம்பியில் டம்ளர் ஒரே ஒரு தட்டு தட்டியது. நிறுத்தினேன்.